மூன்றாம் சக்கரம் கற்பிக்கும் பாடம்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் எப்போது கீழே விழுகிறார்? வேகமாகப் போகும்போதுதான் என்று நாம் நினைக்கிறோம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்க மோட்டார் சைக்கிள்காரரைக் கேட்டுப் பாருங்கள். "நிற்கும்போது!" என்பார் அவர்.

விஷயம் இதுதான். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டியை நிறுத்தி இடது காலைக் கீழே ஊன்றுகிறார். காலடியில் கொஞ்சம் மணல். முழங்காலில் பழைய வலி. கால் லேசாக வழுக்குகிறது. அவ்வளவுதான்! நீண்ட பயணத்துக்கென்றே செய்யப்படும் ஹோண்டா கோல்ட் விங் போன்ற வண்டி, சவாரிக்குத் தயாராக நிற்கும்போது ஏறக்குறைய 380 கிலோ எடை. பின்னால் மனைவி, பெட்டியில் சாமான்கள். நேராக நிற்கிற வரையில் அந்தப் பாரம் தெரிவதில்லை. ஒரு சாண் சாய்ந்துவிட்டாலோ, எந்தப் பயில்வானாலும் தடுத்து நிறுத்த முடியாது. வண்டி மெதுவாக, வெகு நிதானமாகத் தரையில் படுத்துக்கொள்கிறது.

பெரும்பாலும் பெரிய காயம் ஒன்றும் ஏற்படுவதில்லை. ஆனால் முன்பின் தெரியாத இரண்டு வாலிபர்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "பார்த்துப் போங்கள், ஐயா!" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, அந்தக் காயம்தான் ஆறுவதில்லை. நாற்பது வருஷம் ஓட்டிய மனிதர் அன்றிரவு யோசிக்கத் தொடங்குகிறார். வண்டியை விற்றுவிடலாமா? சிறிய வண்டியாக வாங்கிக்கொள்ளலாமா? அல்லது, இன்னொரு சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா?

இந்த மூன்றாவது யோசனையிலிருந்து பிறந்ததுதான் 'டிரைக்' என்று அவர்கள் அழைக்கும் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்.

நேற்று வந்ததல்ல

மூன்று சக்கரம் புதிய கண்டுபிடிப்பல்ல. 1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உலகுக்குக் காட்டிய மோட்டார் வண்டிக்கே மூன்று சக்கரம்தான். முன்னால் இரண்டு சக்கரங்களை வைத்து, இரண்டையும் ஒழுங்காகத் திருப்பும் வித்தை அப்போது அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்!

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பெனி 1932-இல் 'சர்வி-கார்' என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்புறம் மோட்டார் சைக்கிள். பின்புறம் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும். யாருக்காக? பழுது பார்க்கும் கடைக்காரர்களுக்காக. கடை ஆள் இதில் ஏறி வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போவான். வண்டியைக் காரின் பின்னால் மாட்டுவான். காரை ஓட்டிக்கொண்டு கடைக்குத் திரும்புவான். இரண்டு ஆள் வேலை ஒரு ஆளோடு முடிந்தது. பிறகு போலீஸ்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். தெருவோரத்தில் நெடுநேரம் நிற்கும் கார்களின் டயரில் சாக்குக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே மெல்ல நகர்ந்து போவதற்கு இதைவிட வசதியான வாகனம் ஏது? 1973 வரை நாற்பத்தோரு வருஷம் இந்த வண்டி உற்பத்தியாயிற்று.

நாமும் இந்த வம்சத்துக்கு அந்நியர்களல்லர். இத்தாலியில் பியாஜியோ கம்பெனி 1946-இல் 'வெஸ்பா' ஸ்கூட்டரைச் செய்தது. இரண்டு வருஷம் கழித்து, அதே ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து 'அப்பே' என்ற சுமை வண்டியைச் செய்தது. வெஸ்பா என்றால் குளவி. அப்பே என்றால் தேனீ. நம் தெருக்களில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷா அந்தத் தேனீயின் சந்ததிதான். ஆட்டோக்காரர் காரைப் போல் வட்டச் சக்கரத்தைத் திருப்பாமல், ஸ்கூட்டரைப் போல் கைப்பிடியைத் திருப்புவதற்குக் காரணம் இதுதான்.

உழைப்பாளியின் வண்டியாக இருந்தது, பிற்காலத்தில் உல்லாசப் பயணியின் வண்டியாயிற்று. கனடாவின் பி.ஆர்.பி. கம்பெனி 2007-இல் முன்னால் இரண்டு சக்கரமுள்ள 'ஸ்பைடர்' வண்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஹார்லி கம்பெனி பின்னால் இரண்டு சக்கரமுள்ள 'டிரை கிளைட்' வண்டியைக் கொண்டுவந்தது. எடை ஐந்நூறு கிலோவுக்கு மேல். ஆனால் அதைக் காலால் தாங்கவேண்டியதில்லை. பின்னோக்கி நகர்த்துவதற்கும் மின் மோட்டார் உண்டு. பழைய வண்டியைக் கைவிட மனமில்லாதவர்கள், அதன் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சும் இரண்டு சக்கரமும் பொருத்தி மாற்றிக்கொள்வதும் உண்டு.

சரி, வண்டி வந்துவிட்டது, இனிமேல் விழமாட்டோம். நாற்பது வருஷ அனுபவம் வேறு இருக்கிறது. பிறகென்ன கவலை என்கிறீர்களா? அந்த அனுபவத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது!

பழகிய கை செய்யும் துரோகம்

இரண்டு சக்கர வண்டி வலது பக்கம் திரும்புவது எப்படி? கைப்பிடியை வலப்புறம் திருப்பினால் திரும்பும் என்று எல்லோரும் சொல்வோம். உண்மை நேர்மாறு. வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளில், வலப்புறம் போகவேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ளவேண்டும். அதாவது, முன் சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்புகிறது. அதனால் வண்டி வலப்புறம் சாய்கிறது. சாய்ந்த பிறகுதான் வலப்புறம் வளைகிறது. விமானத்தைக் கண்டுபிடித்த சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட் சைக்கிள் வியாபாரியும்கூட. சைக்கிள் விடுகிறவர்கள் இதைச் செய்துகொண்டே, செய்வதை அறியாமல் இருக்கிறார்கள் என்று அவர் அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்.

மூன்று சக்கர வண்டி சாய்வதில்லை. ஆகவே அதில் இந்தத் தந்திரமும் இல்லை. வலது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி இடப்புறம்தான் போகும்!

இப்போது யோசித்துப் பாருங்கள். நிதானமாகப் போகிற வரையில் மூளை வேலை செய்யும், தவறு நேராது. திடீரென்று குறுக்கே ஒரு நாய் ஓடுகிறது. அந்த அரை நொடியில் மூளையா வேலை செய்கிறது? நாற்பது வருஷம் பழகிய கை அல்லவா வேலை செய்கிறது! வலப்புறம் விலக எண்ணி வலக்கையைத் தள்ளுகிறார். வண்டி இடப்புறம் பாய்கிறது. புதிதாகக் கற்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. மறக்கவேண்டிய பாடம் எதுவும் அவனிடம் இல்லை. அனுபவசாலிக்குத்தான் இரட்டை வேலை: பழையதை மறக்கவும் வேண்டும், புதியதைக் கற்கவும் வேண்டும். அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம் மூன்று சக்கர வண்டிக்கென்று தனிப் பயிற்சி வகுப்பே வைத்திருக்கிறது.

சாயாத வண்டியின் சங்கடம்

மோட்டார் சைக்கிளில் வளைவைத் தாண்டும்போது மனிதனும் வண்டியும் சேர்ந்து சாய்கிறார்கள். பக்கவாட்டில் எதுவும் தள்ளுவதாகத் தெரிவதில்லை. அதுதான் அந்தச் சவாரியின் ஆனந்தம். மூன்று சக்கரத்தில் அந்த ஆனந்தம் போய்விடுகிறது. வளைவில் உடம்பு வெளிப்புறம் தள்ளப்படுகிறது. ஆட்டோவின் பின் ஆசனத்தில் தனியாக உட்கார்ந்து போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வேகம் இரட்டித்தால் இந்தத் தள்ளு விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. பாரம் வெளிப்புறச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. உள்புறச் சக்கரம் இலேசாகிறது. அளவு மீறினால் தரையைவிட்டு எழும்புகிறது. ஆகவே வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும். உடம்பை உள்புறமாகச் சாய்த்துக்கொள்ளவேண்டும். உள்ளே போன பிறகு பிரேக்கை மிதிக்கலாம் என்பது கெட்ட யோசனை.

அதிலும் எந்தப் பக்கம் இரண்டு சக்கரம் என்பது முக்கியம். தரையில் ஒரு முக்கோணம் வரைந்து பாருங்கள். ஆட்டோவைப் போல முன்னால் ஒற்றைச் சக்கரமானால், முக்கோணத்தின் கூர் முனை முன்னே இருக்கிறது. வளைவில் பிரேக் போட்டால் பாரம் அந்தக் கூர் முனையை நோக்கி ஓடுகிறது. குடை சாய்வது எளிதாகிறது. முன்னால் இரண்டு சக்கரமானால் பாரம் அகன்ற பக்கம் போகிறது. வண்டி கூடுதலாக நிலைகொள்கிறது. இத்தாலியின் 'எம்.பி.3' (2006), ஜப்பானிய யமஹாவின் 'நைக்கன்' (2018) ஆகியவற்றில் முன் சக்கரங்கள் இரண்டும் வண்டியோடு சேர்ந்தே சாயும். அவற்றை மோட்டார் சைக்கிளைப் போலவே ஓட்டலாம்; ஆனால் நிற்கும்போது அவையும் சாயக்கூடியவையே. நாற்சந்தியில் முழங்காலை நம்பமுடியாதவர் இதை விசாரித்துக்கொண்டு வாங்குவது நல்லது.

காலைக் கீழே வைக்காதீர்!

இன்னொரு பழக்கம் இதைவிடக் கொடியது. மோட்டார் சைக்கிள்காரர் வேகம் குறைந்தவுடன் காலைக் கீழே இறக்குவார். விழாமல் காப்பாற்றிய கால் அல்லவா! மூன்று சக்கர வண்டியிலோ, அந்தக் காலுக்குப் பின்னாலேயே ஒரு சக்கரம் வந்துகொண்டிருக்கிறது. காலை இறக்கினால் சக்கரம் குதிகாலில் ஏறிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1970 முதல் அமெரிக்காவில் மணலிலும் வயலிலும் ஓட்டுவதற்கென்று சிறிய மூன்று சக்கர வண்டிகள் விற்கப்பட்டன. பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போலிருந்தன. மூன்று சக்கரம் இருக்கிறதே, கவிழாது என்று நம்பிச் சிறுவர்களும் ஏறினார்கள். விபத்துகள் பெருகின. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கடைசியில் 1988-இல் அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கம்பெனிகள் அவ்வகைப் புதிய வண்டிகளின் விற்பனையை அங்கே நிறுத்தின. நிற்கும்போது கவிழாத வண்டி, ஓடும்போதும் கவிழாது என்று நினைத்ததுதான் பிழை.

சில்லறைச் சங்கதிகளும் உண்டு. இரண்டு சக்கர வண்டிக்குச் சாலையில் ஒரே தடம். பள்ளத்தை ஒதுக்கிவிட்டுப் போகலாம். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம். முன் சக்கரம் தப்பினால் பின் சக்கரம் மாட்டிக்கொள்ளும். சாலையின் ஓரத்தை ஒட்டியே ஓட்டிப் பழகியவர், தமக்குப் பின்னால் இரு புறமும் வண்டி அகன்றிருப்பதை மறந்து கல்லில் உரசுவார். மேட்டில் நிறுத்தினால் கை பிரேக்கைப் போடவேண்டும். தாங்குகட்டையில் சாய்த்து வைத்த பழக்கத்தில் மறந்துவிட்டால், வண்டி எஜமானரை விட்டுவிட்டுத் தானே புறப்பட்டுவிடும்!

நம் ஊர்ச் சாலையில்

அமெரிக்கருக்கு இது விருப்பம். நம் நாட்டில் பலருக்கு இது வாழ்க்கை. பின் சக்கரத்தின் இரு புறமும் சிறு சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இத்தகைய இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களைத் தமிழ்நாடு அரசு விலையில்லாமல் வழங்கி வருகிறது. கணக்குப் பார்த்தால் இவற்றுக்கு நான்கு சக்கரம். ஆனால் சாயாத வண்டியின் குணங்கள் அத்தனையும் இவற்றுக்கும் உண்டு. வளைவில் நிதானம் வேண்டும், காலைத் தொங்கவிடலாகாது. பக்கச் சக்கரங்கள் மேட்டிலும் நடுச் சக்கரம் குழியிலும் சிக்கினால், நடுச் சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றும், அதையும் கவனிக்கவேண்டும்.

உடல் நலத்தோடு இரண்டு சக்கரத்தில் போய்க்கொண்டிருந்தவர், ஒரு விபத்துக்கோ வாதநோய்க்கோ பிறகு இவ்வண்டிக்கு மாறுவதும் உண்டு. மேலே சொன்ன கைத் தவறு முதலில் பாதிப்பது இவரைத்தான். ஆகவே முதல் சில வாரங்கள் திறந்த மைதானத்தில், மெதுவாக, திரும்பத் திரும்பப் பழகவேண்டும். 'எனக்குத் தெரியாததா?' என்ற நினைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

கௌரவம் எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் 1938 முதல் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுகிறார்கள். இந்நாளில் அங்கே மூன்று சக்கர வண்டிகளும் வருகின்றன. 'கிழவர் வண்டி' என்று வாலிபர்கள் கேலி செய்வதுண்டு. கேலிக்குப் பயந்து, நடுங்கும் காலோடு இரண்டு சக்கரத்திலேயே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. அதை வீரம் என்று எப்படிச் சொல்வது? பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அதில் என்ன சம்மதம்?

நம் சட்டமும் இது விஷயத்தில் ஒரு பாடம் கற்றிருக்கிறது. 1988-இல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் இவ்வகை வண்டியை 'இயலாதோர் வாகனம்' என்ற பொருள்படும் பெயரால் குறித்தது. 2019-இல் செய்த திருத்தம் அந்தப் பெயரை நீக்கி, 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று வைத்தது. மாற்றம் வண்டியில்தான், மனிதனுக்குக் குறைவு ஏதுமில்லை என்பதே இதன் பொருள்.

மூன்றாம் சக்கரம் வந்தால் சாய்ந்து பறக்கும் ஆனந்தம் போகிறது. அது நஷ்டம்தான், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பி, காற்று முகத்தில் மோத, நினைத்த ஊருக்குப் போய், மாலையில் பத்திரமாக வீடு திரும்பும் சுகம் மிஞ்சுகிறது. நாற்பது வருஷம் கற்றதைக் கொஞ்சம் மறப்பதற்கு மனமிருந்தால், அந்தச் சுகம் இன்னும் பல வருஷம் கிடைக்கும்.