தடித்த எழுத்தில் அச்சாகாத எண்

கடந்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது, அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை நாள்காட்டியின் பின்னால் செருகி வைக்கப்பட்டிருந்தது. அம்மாவுக்கு வயது 68. மெலிந்த உடல்வாகு. பத்தாண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவர். ''சுகர் பார்டர்ல இருக்காம்ப்பா. மத்ததெல்லாம் நார்மல்னு லேப்லயே சொல்லிட்டாங்க'' என்றார். தேர்வில் ஒரு பாடத்தில் மட்டும் மதிப்பெண் குறைந்த மாணவியின் குரல் அது.

அறிக்கையில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. அவற்றுக்குக் கீழே, சாதாரண எழுத்தில் 'கிரியாட்டினின் 1.1' என்றிருந்தது. எதிரே, இயல்பான அளவு 0.6 முதல் 1.2 வரை என்ற குறிப்பு. நானும் அந்த வரியைக் கடந்துபோனேன். மூன்று வாரங்களுக்குப் பிறகு அதே தாளை வாங்கிப் பார்த்த மருத்துவரின் விரல், நான் கடந்துபோன அந்த வரியில்தான் நின்றது.

தடித்த எழுத்தில் இருப்பது மட்டுமே நோய், மற்றதெல்லாம் நலம் என்று அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கம் வயதான பெற்றோர் விஷயத்தில் எப்படி நம்மை ஏமாற்றிவிடும் என்பதை அன்று கற்றேன்.

முதலில் சர்க்கரை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையிலோ, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையிலோ இருந்தால், அதை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வெறும் வயிற்று அளவு 110இலிருந்துதான் இந்த நிலை தொடங்குகிறது. 126, 6.5 ஆகியவை நீரிழிவின் வாசல்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. 'பார்டர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தக் கோட்டின் மீது நிற்பவர்கள், கோட்டைத் தாண்டியவர்களைவிட அதிகம்.

ஹெச்பிஏ1சி எண்ணையும் தனித்து நம்பிவிட முடியாது. இரத்தச் சிவப்பணுக்களின் ஆயுளைச் சார்ந்த கணக்கு அது. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தசோகையில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கும் அது பிறழக்கூடும். நம் வீட்டு மூத்த பெண்களிடம் இரத்தசோகை அரிதானதன்று. எனவே ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்ப்பதும், ஐயம் இருப்பின் வேறொரு நாளில் மீண்டும் சோதிப்பதும் முறை.

இனி, நான் கவனிக்காமல் விட்ட எண்ணுக்கு வருகிறேன். கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து உருவாகும் கழிவு. சிறுநீரகம் அதை இரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஆனால், அது எவ்வளவு உருவாகிறது என்பதை முடிவுசெய்வது தசையின் அளவு. உடலுழைப்பில் இறுகிய இளைஞனுக்கு இயல்பாகவே அது கூடுதலாக இருக்கும். தசை வற்றிய மூதாட்டிக்குக் குறைவாக இருக்கும். ஆகவே இருவரையும் 0.6 முதல் 1.2 என்ற ஒரே கட்டத்துக்குள் அடைப்பது பொருந்தாது.

இதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் சூத்திரம் ஒன்றை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். இஜிஎஃப்ஆர் என்று அறிக்கைகளில் குறிக்கப்படுவது இதுவே. மருத்துவர் அங்கேயே கணக்கிட்டுக் காட்டினார். கிரியாட்டினின் 1.1 என்பது நாற்பது வயது ஆணாகிய எனக்கு இருந்தால், வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 87. அதே 1.1, அறுபத்தெட்டு வயதுப் பெண்ணாகிய அம்மாவுக்கு ஏறத்தாழ 55. அறுபதுக்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நீண்டகாலச் சிறுநீரக நோய் என்று வகைப்படுத்தப்படும். 'நார்மல்' என்று எங்களைத் தேற்றிய எண்ணுக்குள் ஒளிந்திருந்தது இதுதான்.

''உடனே பயப்பட வேண்டாம். ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று சொல்ல மாட்டோம்'' என்றார் மருத்துவர். அதற்குக் காரணங்கள் உண்டு. முதல் நாள் இறைச்சி உணவு மிகுதியாக உண்டிருந்தாலோ, வயிற்றுப்போக்காலும் வெயிலாலும் உடலில் நீர் வற்றியிருந்தாலோ கிரியாட்டினின் தற்காலிகமாக உயரும். மூன்று மாத இடைவெளியில் மீண்டும் பார்த்தால்தான் அது நிலைத்த மாற்றமா என்பது தெரியும். தசை மிகக் குறைந்தவர்களுக்கு, தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் மற்றொரு பரிசோதனையும் உதவும்.

அடுத்து அவர் கேட்டது சிறுநீர்ப் பரிசோதனை. இரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்னும் புரதத்தை நலமான சிறுநீரகம் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். வடிகட்டியில் சேதம் தொடங்கும்போது அது கசியத் தொடங்குகிறது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால் கவனிக்க வேண்டும். 300ஐத் தாண்டினால் கசிவு கடுமையாகிவிட்டது என்று பொருள். கிரியாட்டினின் உயர்வதற்கு முன்பே இந்தக் கசிவு தென்படலாம் என்பதே இந்தச் சோதனையின் சிறப்பு. காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீர் சிறிதளவு போதும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும் நாளில் எடுத்தால் மட்டும் முடிவு பிறழும். அம்மாவுக்கு 46 என்று வந்தது.

சிறுநீரகம் வலித்துச் சொல்லும் உறுப்பன்று. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் வடிகட்டிகள். சில செயலிழந்தால் மற்றவை கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். கால் வீக்கம், மூச்சுத் திணறல், பசியின்மை என்று வெளியே தெரிவதற்குள் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்று பெற்றோர் சொல்வதை நலத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. இந்தியாவில் நீண்டகாலச் சிறுநீரக நோய்க்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. உயர் இரத்த அழுத்தம் மற்றொரு முக்கியக் காரணம். சர்க்கரை கோட்டின் மீது இருக்கும் நிலை மட்டுமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. வயது, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு அது சேரும்போதுதான் கவலை கூடுகிறது.

அம்மாவின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ''வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?'' என்று மருத்துவர் கேட்டபோது, ''பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்'' என்றார். ''மூட்டு வலிக்கு?'' என்று அவர் மீண்டும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிய வலி மாத்திரையை வாரத்தில் நான்கைந்து நாள், இரண்டு ஆண்டுகளாக உட்கொண்டிருக்கிறார். அதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தொலைபேசியில் வாரந்தோறும் பேசும் எனக்கும் அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள், சிறுநீரகத்துக்குள் செல்லும் இரத்தக் குழாயை விரித்து வைக்கும் சுரப்புகளைத் தடுக்கின்றன. இளைஞர்கள் ஓரிரு நாள் உட்கொண்டால் பெரும்பாலும் தீங்கில்லை. வயதானவர்கள், அதிலும் சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளையும் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகளையும் உட்கொள்பவர்கள், நாள்தோறும் இவற்றை விழுங்கினால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறையும். வயிற்றுப்போக்கு நேரத்தில் ஆபத்து பன்மடங்காகும். இதைப் படித்துவிட்டு இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது இன்னும் பெரிய பிழை. உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் சென்று கொட்டுவதே சிறந்த வழி.

அறிக்கை கண்ட மறுநாளே நம் சமையலறைகளில் தொடங்கும் கட்டுப்பாடுகளையும் பேச வேண்டும். சீனியை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறுகிறோம். அவையும் சர்க்கரையை உயர்த்தும். உப்புக்குப் பதில் இந்துப்பு வாங்குகிறோம். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது கேடாகலாம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தாலே பாதி தூரம் கடந்துவிடலாம்.

இவற்றைவிடக் கவலைக்குரியது, முதியவர்களைப் பட்டினி போடுவது. சோற்றைக் குறைத்து, பருப்பையும் முட்டையையும் 'கிட்னிக்கு ஆகாது' என்று விலக்கினால், தசைதான் முதலில் கரையும். தசை கரைந்தால் கிரியாட்டினினும் இறங்கும். அறிக்கை முன்னைவிட நன்றாக இருப்பதாகவே தோன்றும். உடலோ தளர்ந்திருக்கும். புரதம் எவ்வளவு என்பதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் முடிவுசெய்யட்டும்.

கோட்டின் மீது நிற்பவர்கள் திரும்பி நடக்கவும் முடியும். சென்னையில் மருத்துவர் அ.ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தால் மட்டும் நீரிழிவாக மாறும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையாலும் ஏறத்தாழ அதே பலனே கிடைத்தது. எழுபது வயதைக் கடந்தவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வோ, இந்த நிலையிலிருந்து நீரிழிவுக்குச் சென்றவர்களைவிட இயல்புக்குத் திரும்பியவர்களே அதிகம் என்று கண்டது. மூத்தோருக்கு வேண்டியது மாலை நடை, தசைக்கான எளிய பயிற்சி, வேளைக்கு அளவான உணவு, கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தம். அச்சமூட்டும் கெடுபிடிகள் வேண்டியதில்லை.

அரசும் செய்ய வேண்டியது உண்டு. 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டுசெல்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீர் அல்புமின் சோதனை உறுதிசெய்யப்பட வேண்டும். கிரியாட்டினின் அச்சிடப்படும் ஒவ்வோர் அறிக்கையிலும் வடிகட்டும் வேகமும் கட்டாயமாக இடம்பெற வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. வயதும் பாலினமும் அறிக்கையின் தலைப்பிலேயே இருக்கின்றன.

வலி மாத்திரையை அம்மா நிறுத்தினார். மூட்டுக்கு இயன்முறைப் பயிற்சி தொடங்கினோம். புரதக் கசிவையும் குறைக்கவல்ல இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை மருத்துவர் மாற்றி எழுதினார். இடையில் பொட்டாசியம் அளவையும் சோதித்துக்கொண்டார். மூன்று மாதங்களுக்குப் பிறகு கிரியாட்டினின் 1.0, வடிகட்டும் வேகம் 61, ஹெச்பிஏ1சி 5.9. அல்புமின் மட்டும் 34இல் நின்றது. சேதம் சிறிதளவு இருக்கிறது, இப்போதைக்கு வேகமெடுக்கவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவர வேண்டும் என்றார் மருத்துவர்.

''அப்ப எனக்கு கிட்னி கெட்டுப்போச்சாப்பா?'' என்று திரும்பும் வழியில் அம்மா கேட்டார். ''கொஞ்சம் அடிபட்டிருக்கும்மா. மேற்கொண்டு அடிபடாமப் பார்த்துக்கலாம்'' என்றேன். அதற்கு மேல் நம்பிக்கை சேர்த்தோ அச்சம் சேர்த்தோ சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அறிக்கைகள் இப்போது நாள்காட்டியின் பின்னால் இல்லை; தேதி வாரியாக ஒரு கோப்பில் இருக்கின்றன. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்து, தடித்த எழுத்தில் இல்லாத வரிகளையும் படிக்கிறேன்.