கணினியில் வைத்த சான்றிதழைக் கண்டுபிடிப்பது எப்படி?

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் வருமானச் சான்றிதழைக் கேட்டால், பலரும் சொல்வது இதைத்தான்: "கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேன், எங்கேன்னு தெரியலை." சான்றிதழ் இல்லாமல் இல்லை. கடைசித் தேதி நெருங்கும்போது கைக்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். மறுபடி இ-சேவை மையம், மறுபடி வரிசை, அத்தாவுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். இதைத் தவிர்க்க வீட்டிலேயே செய்யக்கூடியதை இங்கே எழுதுகிறோம்.

ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள பட்டனை அழுத்திவிட்டு, கோப்பின் பெயரில் நினைவிருக்கும் சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். வேர்டு, எக்செல் போன்ற செயலிகளையும் இப்படியே முதல் சில எழுத்துகளை அடித்துத் திறக்கலாம். ஆப்பிள் கணினி வைத்திருப்போர் கமாண்ட் பட்டனையும் ஸ்பேஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஸ்பாட்லைட் என்ற தேடல் வரும்.

விண்டோஸ் தேடலில் ஒரு குறை உண்டு. பல கணினிகளில் அது டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற வழக்கமான இடங்களை மட்டுமே பட்டியலிட்டு வைத்திருக்கும். நம் வீடுகளில் முக்கியமானவற்றை 'டி' டிரைவில் போட்டு வைக்கும் பழக்கம் இருக்கிறது; அங்கே இருப்பது தேடலில் வராமல் போகலாம். செட்டிங்ஸில் 'சர்ச்சிங் விண்டோஸ்' பகுதிக்குச் சென்று, 'கிளாசிக்' என்றிருப்பதை 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றினால் கணினி முழுவதும் தேடும். பழைய கணினியாக இருந்தால் பட்டியல் தயாராகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

எங்களுக்கு அதைவிடப் பிடித்தது 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருள். வாய்ட்டூல்ஸ் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் விண்டோஸே ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. எவ்ரிதிங் அந்த அட்டவணையைப் படித்துக்கொள்வதால், நீங்கள் தட்டத் தட்ட விடை வந்து நிற்கும். பெயரே நினைவில்லையா? நட்சத்திரக் குறி, புள்ளி, அதன்பின் இடைவெளியின்றி பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் அடித்து, தேதிக் கட்டத்தின் தலைப்பைச் சொடுக்குங்கள். கடைசியாகச் சேமித்தது மேலே வந்துவிடும். பென் டிரைவில் உள்ளவை மட்டும் இதில் தெரியாமல் போகலாம். பென் டிரைவைத் திறந்து, வலது மேல் மூலையிலுள்ள பெட்டியில் தேடுவதே அதற்கு எளிது.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஆதாரில் 'எம்ஓ' என்று தொடங்கும், மதிப்பெண் பட்டியலில் 'எம்யூ' என்று தொடங்கும், நடுவில் ஓர் 'எம்' கூடும் அல்லது குறையும். முழுப் பெயரையும் அடித்துத் தேடினால் பாதிக் கோப்புகள் தப்பிவிடும். பெரும்பாலும் மாறாமல் இருப்பது நடுவிலுள்ள எச், ஏ, எம் என்ற மூன்று எழுத்துகள்தான். எவ்ரிதிங்கில் அவற்றை மட்டும் அடித்தாலே போதும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் தேடுவதானால் அந்த எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போடுங்கள். (சான்றிதழுக்கு உள்ளேயே பெயர் மாறியிருந்தால் அது வேறு வேலை, அதை முறைப்படி விண்ணப்பித்துத்தான் திருத்த வேண்டும்.)

ஸ்கேன் செய்ததும் போனில் படம் எடுத்ததும் கணினிக்கு வெறும் படம்தான். அதில் உள்ள எழுத்தை எவ்ரிதிங் படிப்பதில்லை. கோப்பின் பெயரைத்தான் பார்க்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இறக்கினால் தேதியும் நேரமும்தான் பெயராக இருக்கும். அதனால் சேமித்த அன்றே கோப்பைத் தேர்ந்தெடுத்து எஃப்2 பட்டனை அழுத்தி, பிள்ளையின் பெயர், சான்றிதழ் வகை, ஆண்டு என்று பெயரை மாற்றிவிடுங்கள். பிறகு பெயரில் ஒரு சொல், வகையில் ஒரு சொல் என முன்பின்னாக அடித்தாலும் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தத் தேடல் இன்னொரு விதத்திலும் தேவை. அங்கே இறக்கிய ஆதாரும் வங்கிப் புத்தகப் பக்கமும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே தங்கிவிடுகின்றன. நீங்கள் தேடி எடுக்கும் அதே வேகத்தில், அடுத்து வந்து உட்காருபவரும் எடுக்கலாம். எழுந்திருக்கும் முன் உங்கள் கோப்புகளைத் தேடி, ஷிஃப்ட் பட்டனோடு டெலீட் அழுத்தி நீக்குங்கள். வெறும் டெலீட் என்றால் அவை ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். கணினியில் வாட்ஸ்அப் திறந்திருந்தால் அதிலிருந்தும் வெளியேறிவிட்டு வாருங்கள்.