யப்பானிய மாயப்புனைவுத் தொடரும் சிறுவர் தகுதிப்பாடும்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

சிறுவருக்கு எது தகும், எது தகாது என்னும் வினா நமது திறனாய்வு முயற்சிகளில் ஓரத்திலேயே நின்று வந்துள்ளது. ஒழுக்கம் உரைப்போர் அதனைத் தமக்கே உரியதாகவும், திறனாய்வாளர் தமக்குப் புறம்பானதாகவும் கொண்டமையே இதற்குக் காரணம் எனலாம். இன்றோ அவ்வினா வீட்டுத் திண்ணையிலேயே எழுகின்றது. முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில், வவுனிக்குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளையும் யப்பானிய அனிமேத் தொடர்கள் கைத்தொலைபேசி வழியாக வந்தடைகின்றன. அவற்றுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று 'டீமன் ஸ்லேயர்' என்னும் மாயப்புனைவுத் தொடராகும். "காட்டூன்தானே, பார்க்கட்டும்" என்று பெற்றோரில் ஒரு சாரார் விட்டுவிடுகின்றனர். "பேயும் இரத்தமும் பிள்ளைக்கு எதற்கு" என்று மற்றொரு சாரார் தொலைபேசியைப் பறித்து வைக்கின்றனர். இருவருமே படைப்பை நோக்காது முடிவு கூறுகின்றனர். படைப்பின் உள்ளடக்கம், அதனை ஆக்கி விற்கும் அமைப்பு, அதனைக் காணும் பிள்ளையின் சமூகச் சூழல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கியே தகுதி பற்றிப் பேசுதல் இயலும் என்பது நம் கருத்து.

முதற்கண் ஒரு மயக்கம் நீங்குதல் வேண்டும். அசையும் சித்திரம் ஒரு கலைவடிவமே அன்றி வயதெல்லை அன்று. 1988 ஏப்ரில் 16 இல் யப்பானின் ஜிப்லி நிறுவனம் இரு படங்களை ஒரே நாளில் இணைத்து வெளியிட்டது. ஹயாவோ மியாசாக்கியின் 'என் அயலவன் டொட்டோரோ', காட்டில் வாழும் மாய உயிரொன்றோடு இரு சிறுமியர் நட்புக் கொள்வதைக் கூறுவது. ஐந்து வயதுப் பிள்ளையும் அச்சமின்றிக் காணத்தக்கது. இசாவோ தக்காஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை', 1945 இல் கோபே நகரின் மீதான குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியால் மடிவதைக் கூறுவது. ஒரே நிறுவனம், ஒரே நாள், ஒரே கலைவடிவம். எனினும் முன்னதை விரும்பும் பிள்ளை பின்னதைத் தாங்கும் என்று கொள்வதற்கில்லை. ஆகவே 'காட்டூன்' என்ற சொல்லை வைத்துத் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

'டீமன் ஸ்லேயர்' எவருக்காக ஆக்கப்பட்டது என்பது அடுத்த வினா. கொயோஹாரு கொத்தொகே என்பவர் 2016 முதல் 2020 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் சித்திரக் கதையாக எழுதிய இது, 2019 முதல் தொலைக்காட்சித் தொடராயிற்று. 'ஷோனென்' என்னும் சொல் சிறுவனைக் குறிப்பது; பதின்ம வயது ஆண்பிள்ளைகளை வாசகராகக் கருதும் இதழ்களுக்கு இடப்படும் பெயர். அஃது ஒரு சந்தைப் பிரிவேயன்றித் தகுதிச் சான்று அன்று. யப்பானிலேயே இத்தொடர் முதலில் இரவு பதினொரு மணிக்குப் பின்னரே ஒளிபரப்பானது. இதனை ஒட்டி 2020 இலும் 2025 இலும் வெளிவந்த திரைப்படங்களுக்கு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்ற குறிப்பு யப்பானில் இடப்பட்டது. அமெரிக்காவிலோ பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிக் காணலாகாது என்று வகுக்கப்பட்டன. 2025 செப்டெம்பரில் அவற்றுள் பிந்திய படம் தமிழ்க் குரலுடன் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது. ஆக்கிய நாட்டில் நேரத்தாலும் வயதாலும் இடப்பட்ட வேலிகளுள் ஒன்றுகூட, துண்டு துண்டாக வெட்டப்பட்டுத் தொலைபேசிக்கு வரும் காட்சிகளுடன் வருவதில்லை. பண்டம் எல்லை கடக்கின்றது. அதனோடு வரவேண்டிய பொறுப்பு கடப்பதில்லை. பண்ட உற்பத்தியின் பொது இயல்பு இதுவென்பது நாம் அறியாததன்று.

இனி உள்ளடக்கத்தை நோக்குவோம். கதை தைஷோ காலத்து (1912–1926) யப்பானில் நிகழ்கின்றது. மலையில் கரி சுட்டு விற்கும் வறிய குடும்பத்தின் மூத்த மகன் தஞ்சிரோ. தந்தையை இழந்த அவன், கரி விற்கச் சென்று மறுநாள் திரும்புகையில் தாயும் உடன்பிறந்தோரும் 'ஓனி' எனப்படும் மனிதரை உண்ணும் பேயால் கொல்லப்பட்டுக் கிடக்கின்றனர். உயிர் தப்பிய தங்கை நெசுக்கோ தானே பேயாக மாறுகின்றாள். அவளை மீண்டும் மனிதராக்கும் வழி தேடி அவன் வாளேந்துகின்றான். தலை துண்டித்தலும் குருதி பெருகுதலும் தொடர் நெடுகிலும் உள.

எனினும் இதனை வெறும் வன்முறைக் கதையென்று ஒதுக்குதல் நேர்மையன்று. இங்குப் பேய்கள் பிறவித் தீயோர் அல்லர். முன்னர் மனிதராய் இருந்தவர்கள். கியூத்தாரோ என்னும் பேய், பரத்தையர் வாழ்ந்த யொஷிவாராப் பகுதியின் அடித்தட்டில் பசியோடு பிறந்தவன். வாள்வீரன் ஒருவனைக் காயப்படுத்தியமைக்காகத் தங்கை உயிரோடு எரிக்கப்பட, அந்நிலையிலேயே அவன் பேயாகின்றான். தன் நிலையும் அவ்வாறு ஆகியிருக்கலாம் என்று தஞ்சிரோ உணர்கின்றான். இறந்த பேயின் உடையை மிதிப்பவரிடம் காலை எடுக்குமாறு அவன் வேண்டும் காட்சியும் உண்டு. பகைவனின் துயரையும் துயரென்று காணும் இப்பண்பு, சிறுவர்க்கான பல வீரக் கதைகளில் காணக் கிடையாதது.

ஆயினும் படைப்பின் எல்லையும் இவ்விடத்தேதான் வெளிப்படுகின்றது. வறுமை பேயை ஆக்குகின்றது என்று காட்டும் கதை, வறுமையை ஆக்குவது எதுவென்று கேட்பதில்லை. அதே தைஷோ காலத்தில், 1918 இல், அரிசி விலையேற்றத்தை எதிர்த்து யப்பானிய மக்கள் பெருந்திரளாகக் கிளர்ந்தனர். அம்மக்கள் இக்கதையில் இல்லை. தீர்வு தனிவீரனின் வாளிலும், பரம்பரைத் தலைவர் ஒருவருக்குப் பணிந்த படையின் விசுவாசத்திலும் அடங்கிவிடுகின்றது. சமூகத் துயரை உணர்ந்து, நிலமானிய விழுமியத்தில் அடைக்கலம் புகுவதே இத்தொடரின் உள்முரண்.

மாயப்புனைவு என்பதாலேயே இது தகாது என்போரும் உளர். இவ்வாதம் முற்போக்கு முகாமிலும் எழுந்ததுண்டு. 1928 இல் குரூப்ஸ்காயா, கொர்னேய் சுக்கோவ்ஸ்கியின் 'முதலை' என்னும் சிறுவர் கதைப்பாட்டைப் 'பிராவ்தா' இதழில் கடுமையாகக் கண்டித்தார். மாக்சிம் கோர்க்கி சுக்கோவ்ஸ்கிக்கு ஆதரவாக எழுதினார். சுக்கோவ்ஸ்கியின் கதைகள் பின்னரும் பல தலைமுறைச் சிறுவரால் படிக்கப்பட்டமை, கற்பனை பிள்ளையின் அறிவுக்குப் பகையன்று என்பதை உணர்த்தும். நம் மரபிலும் பேய்க்குக் குறைவில்லை. கலிங்கத்துப் பரணியின் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் அடுகின்றன. வன்னியில் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைச் சிறுவர் விடிய விடியக் கண்டனர். கோவலன் வெட்டுண்பதையும் கண்டனர். ஆனால் வெட்டுண்டவர் அடுத்த நாள் வயலுக்குப் போவதையும் அவர்கள் கண்டனர். அருகே அப்பாச்சி இருந்தார், ஊர் கூடியிருந்தது. அச்சம் பொதுவில் எழுந்து பொதுவிலேயே அடங்கிற்று. தொலைபேசியின் முன் பிள்ளை தனித்திருக்கின்றது. வேறுபாடு காட்சியில் மட்டுமன்று, காணும் முறைமையிலும் உள்ளது.

மல்லாவிக்குச் சிறப்பாக உரிய இரண்டு செய்திகளை இனிக் கூறுதல் வேண்டும். 2008 இல் போர் இப்பகுதியை வந்தடைய, மக்கள் இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றனர். 2009 மே மாதத்தில் முடிந்த போரின் கடைசி மாதங்களைச் சிறுவராயிருந்து கண்டவர்கள் இன்று பெற்றோராய் உள்ளனர். வீடு திரும்பிய மகன் உறவினரின் உடல்களைக் காணும் முதற் காட்சி, அத்தாய்க்கு மாயப்புனைவு அன்று. அவர் தொலைபேசியைப் பறிக்கும்போது பிள்ளை "ஏன் அம்மா?" என்று கேட்கின்றது, அவரிடம் விடையில்லை. இரண்டாவது, தஞ்சிரோ பதின்மூன்று வயதில் பயிற்சி தொடங்கிப் பதினைந்தில் படையிற் சேர்கின்றான். சேர்வதற்கான இறுதித் தேர்வில் புகும் இருபது பேரளவிலான சிறுவரில் ஐவரே மீள்கின்றனர். மாணாக்கன் உயிரோடு மீண்டமை கண்டு ஆசான் அழுவதைத் தொடர் காட்டுகின்றது. சிறுவர் கையில் வாள் கொடுத்தது சரியா என்று அது கேட்பதில்லை. போர்க்காலத்தில் சிறுவர் படைக்குச் சேர்க்கப்பட்டமை ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகளில் பதிவான இம்மண்ணில், அவ்வினாவைக் கேளாதிருத்தல் நமக்கு இயலாது. தோக்கியோவிலோ சென்னையிலோ வெறும் வீரமாகத் தோன்றுவது இங்கு வேறு பொருள் கொள்ளும்.

இவற்றினின்று நாம் கொள்ளும் முடிவுகள் சில. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இத்தொடர் தகாது. அவர்க்கு 'டொட்டோரோ' போன்றவை உள. ஒன்றைத் தடுக்கையில் வேறொன்றைக் கொடுத்தலே முறை. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர், முன்னரே அதனைப் பார்த்த பெரியவர் ஒருவருடன் இருந்து காணலாம். யொஷிவாராவில் நிகழும் பகுதி (2021–2022) பரத்தையர் வாழ்வைக் களமாகக் கொண்டமையால் மேலும் ஈராண்டு தாழ்த்தப்படுதல் நன்று. போரில் உறவினரை இழந்த வீட்டில் வயது மட்டும் அளவுகோல் ஆகாது; பிள்ளையின் உறக்கம் கெடுமாயின் அன்றே நிறுத்துதல் வேண்டும். பார்த்த பின்னர் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று: இவன் ஏன் பேயானான்? சிறுவர் கையில் வாள் கொடுத்தவர் யார்? திரும்பி வராதவர்களின் வீடுகளில் என்ன நிகழ்ந்திருக்கும்?

இவ்வினாக்களைப் பேச ஆளுள்ள வீட்டில் இத்தொடர் வளரிளம் பிள்ளைக்குப் பயன்படும். பேச ஆளில்லாத இடத்தில் அதனினும் மென்மையான படைப்பும் தீங்கு செய்யலாம். பாடசாலைகளும் நூலகங்களும் ஊர்ச் சங்கங்களும் மாதம் ஒருமுறையேனும் பிள்ளைகளைக் கூட்டி, கூத்தை ஊர் கண்டவாறு, இத்தகைய படங்களைப் பொதுவில் காண வைத்துப் பேசச் செய்தல் வேண்டும். அத்தாயிடம் பிள்ளை கேட்ட வினாவுக்கு விடை தேடும் பொறுப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவர்க்கும் உரியதாகும்.