வாடுவதும் வாட்டுவதும்

வாழையிலையில் சோறு கட்டுவதற்கு முன் அதை அனலில் காட்டி வாட்டுவோம். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். தேயிலைக் கொழுந்துக்கும் அதே கதைதான்.

ஆங்கிலத்தில் 'விதர்' என்றொரு வினைச்சொல் உண்டு. பூ வாடினாலும் பயிர் வாடினாலும் அதுதான். ஆனால் ஒருவர் வேண்டுமென்றே இலையை 'விதர்' செய்வது அன்றாட ஆங்கிலத்தில் அரிது. அந்தப் பொருளில் அச்சொல் நாள்தோறும் புழங்கும் இடம் தேயிலைத் தொழிற்சாலை. தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தானாக நடந்தால் வாடும், நாம் செய்தால் வாட்டுவோம். டகரம் இரட்டித்தால் போதும்.

இலங்கை மலையகத்துத் திம்புள்ளயின் பழைய ஸ்டோர்களை, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளை, பார்த்தவர்களுக்கு அந்த ஜன்னல் வரிசைகள் நினைவிருக்கும். மாடிக்கு மாடி ஜன்னல், யார் நின்று வேடிக்கை பார்க்க? எல்லாம் கொழுந்துக்குக் காற்று வாங்கத்தான். மேல்மாடிகளில் சணல்துணித் தட்டுகளைக் கட்டி, அவற்றில் கொழுந்தை மெல்லப் பரப்பி வைத்தார்கள். இப்போது நீளத் தொட்டிகள் வந்துவிட்டன. கம்பிவலை மேல் கொழுந்து கிடக்க, பெரிய மின்விசிறி அடியிலிருந்து காற்றைத் தள்ளுகிறது. மழை நாளில் நனைந்து வரும் கொழுந்துக்குக் காற்றைச் சற்றுச் சூடாக்குவார்கள். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மணம் போய்விடும்.

பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 12 முதல் 18 மணி நேரம் வாட்டினால் எடை ஏறக்குறைய பாதியாகும். நீர் போவது மட்டுமல்ல. உயிரணுச் சவ்வுகள் தளர்கின்றன, அமினோ அமிலங்கள் கூடுகின்றன, மணப்பொருள்களும் உருவாகத் தொடங்குகின்றன. பதம் பார்க்க விரலே போதும். ஒரு கைப்பிடியை இறுக்கிவிட்டு விரித்தால் உருண்டை அப்படியே நிற்க வேண்டும், காம்பு ஒடியாமல் வளைய வேண்டும். வாடாத கொழுந்தை உருட்டு இயந்திரத்தில் போட்டால் முறுக்கு ஏறாது. நொறுங்கிச் சாறு வீணாகும்.

'விதர்' என்பது வானிலையைக் குறிக்கும் 'வெதர்' என்ற சொல்லின் திரிபு என்று கருதுகிறார்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டுவது என்று பொருள் வரும். திம்புள்ளக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே பகலில் வறண்ட காற்று, இரவில் கடுங்குளிர். ஸ்டோருக்கு வருமுன்னரே, செடியில் இருக்கும்போதே அந்தக் காற்று கொழுந்தைப் பதப்படுத்தத் தொடங்கிவிடுகிறது. கொழும்பு ஏலத்தில் திம்புள்ளத் தேயிலைக்கு நல்ல விலை கிடைப்பதும் அந்த மாதங்களில்தான்.