மாத்திரை தொடங்கியாச்சு, ரத்தம் பார்த்தாச்சா?

"ஒரே சடவா இருக்குதுங்க, ராத்திரி தூக்கமே இல்லீங்க." கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர்கள் டாக்டரிடம் இப்படித்தான் சொல்வார்கள். மனச்சோர்வு என்று வாய் திறந்து சொல்பவர்கள் குறைவு. அதைக் கண்டுபிடித்து மாத்திரை எழுதுவது பாதி வேலைதான். அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று கவனிப்பது மீதி வேலை.

வயதானால் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். 40 வயதுக்குச் சரியான அளவு, 70 வயதில் ரத்தத்தில் தேங்கிவிடலாம். இதயத் துடிப்பின் சீர் கெடும் என்பதால், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் எச்சரித்தது.

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பது புதிதல்ல. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தின் அளவு குறைந்தாலும் பலனில்லை, மிகுந்தாலும் பலனில்லை என்று 1971-லேயே ஸ்வீடனில் மாரி ஆஸ்பெர்க் குழுவினர் காட்டினார்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் கூட லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும்.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் சாப்பிடுகிற எல்லாருக்கும் மருந்தளவுச் சோதனை தேவைப்படாது. அவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது சோடியம். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இந்த உப்பு, மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் இறங்கக்கூடும். பிரஷருக்கு நீர் மாத்திரையும் போடுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். நடை தள்ளாடும், பேச்சு குழம்பும், கீழே விழுவார்கள். வீட்டிலோ "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகிற விஷயம் இது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். குறைந்தது 5 ஆண்டுகள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் சிகிச்சை உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவமனை சிங்காநல்லூரிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால், பிரஷர், சர்க்கரை, வலி மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். "சோடியம் பார்க்கணுங்களா, ஈ.சி.ஜி. எடுக்கணுங்களா?" என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.