மெய்காக்கும் கலை

வலியான் ஒருவன் மெலியார் ஒருவரைப் பற்றி இழுக்குங்கால், அவர் திமிறிப் பின்வாங்க முயல்வதே இயல்பு. திமிறத் திமிறப் பிடி இறுகுமேயன்றித் தளராது. வலிமையோடு வலிமை பொருதால் மிக்க வலிமையே வெல்லும் என்பது வெளிப்படை. ஆயின், அவன் இழுக்கும் திசையிலேயே ஓரடி முன்சென்று, அவன் நிலை தடுமாறும் நொடியில் அவன் காலை இடறிவிட்டால், அவனது வலிமையே அவனை வீழ்த்திவிடும். ஜப்பான் நாட்டு ஜுஜுத்சு என்னும் மற்கலையின் அடிப்படை இதுவே. 'மென்மைக் கலை' என்பது அப்பெயரின் பொருள். இக்கலையை இங்கிலாந்து நாட்டு மகளிர்க்குக் கற்பித்தவர்களுள் தலைசிறந்தவர் எடித் காருட் அம்மையார்.

அம்மையார் 1872 ஆம் ஆண்டில் பாத் நகரில் பிறந்தார். அவருடைய உயரம் 4 அடி 11 அங்குலமே. உடற்பயிற்சி ஆசிரியையாகிய அவர், அத்தொழிலினரே ஆன வில்லியம் காருட் என்பவரை மணந்தார். ஜப்பானில் இக்கலையைப் பயின்று திரும்பிய பார்ட்டன் ரைட் என்பார் வாயிலாக அவ்விருவரும் இதனை அறிந்தனர். பின்னர், இலண்டன் மாநகரில் பள்ளி நடத்திய உயெனிஷி என்னும் ஜப்பானிய ஆசானிடம் முறையாகக் கற்றுத் தேர்ந்தனர். திரைப்படம் பேசும் ஆற்றல் பெறாத அக்காலத்தில், 1907 இல் வெளிவந்த ஒரு குறும்படத்தில் வழிப்பறிக் கள்வரை எறிந்து வீழ்த்தும் பெண்ணாக நடித்தவரும் இவரே. 1908 இல் ஆசான் இங்கிலாந்தை விட்டு நீங்கவே, பள்ளியைக் கணவர் ஏற்று நடத்தினார். மகளிர்க்கும் சிறுவர்க்கும் கற்பிக்கும் பொறுப்பு அம்மையாரைச் சார்ந்தது.

இக்கலையில் பிறரை எறியக் கற்பதற்கு முன் தாம் விழக் கற்றல் வேண்டும். விழுபவர் அஞ்சிக் கையை ஊன்றினால் உடலின் சுமை முழுதும் மணிக்கட்டில் தங்கி எலும்பு முறியும். ஆதலின், மோவாயை மார்போடு சேர்த்து, முதுகை வில்போல் வளைத்து, தரையைத் தொடும் அக்கணமே கை முழுவதையும் நீட்டித் தரையில் அறைதல் வேண்டும். ஓரிடத்தில் தாக்க வேண்டிய அதிர்ச்சி பரந்து சிதறிவிடும். இதனை நூறுமுறை பழகியவர்க்கு விழுதல் பற்றிய அச்சம் நீங்கும். அச்சம் நீங்கினால் அறிவு தெளிவாக வேலை செய்யும். குள்ளமானவர்க்கு இக்கலையில் ஒரு நன்மையும் உண்டு. எதிரியின் இடைக்குக் கீழே தம் இடையைச் செலுத்தி அவனைத் தூக்கி எறிய, அவர் மிகக் குனிய வேண்டுவதில்லை.

இக்கலைக்கு மிகுந்த தேவை நேர்ந்த காலம் அது. வாக்குரிமை வேண்டிப் போராடிய மகளிர் தெருக்களில் இழிவாக நடத்தப்பட்டனர். 1910 நவம்பர் 18 ஆம் நாள் பாராளுமன்றம் நோக்கிச் சென்ற ஏறத்தாழ 300 பெண்களைக் காவலரும் கூட்டத்தினரும் சுமார் ஆறு மணி நேரம் அடித்தும் தள்ளியும் துன்புறுத்தினர். அதற்கு முன்னரே, 1909 இல், எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரின் சங்கத்தார் முன்னிலையில் எடித் தம் கலையைச் செய்து காட்டியிருந்தார். அச்சங்கப் பெண்கள் பலர் அவர்தம் மாணவியராயினர்.

1913 இல் அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. சிறையில் உண்ணாநோன்பு இருந்து மெலிந்த பெண்களை விடுவித்து, உடல் தேறியதும் மீண்டும் பிடித்து அடைப்பதே அதன் நோக்கம். மக்கள் அதனைப் 'பூனை எலிச் சட்டம்' என்று ஏளனம் செய்தனர். அங்ஙனம் விடுவிக்கப்பட்ட பாங்கர்ஸ்ட் அம்மையாரைக் காக்க, சுமார் முப்பது பெண்களைக் கொண்ட மெய்காப்பாளர் படை ஒன்று அமைந்தது. அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் எடித். காவலர் கண்ணில் படாதவாறு பயிலும் இடங்களை அடிக்கடி மாற்றினர். அப்பெண்கள் ஆடைக்குள் மறைத்து வைத்திருந்த கருவி நம் நாட்டுக் கர்லாக்கட்டை! இந்தியாவில் அதனைக் கண்ட ஆங்கிலப் படைவீரர் வாயிலாக முன்னரே அது இங்கிலாந்தின் உடற்பயிற்சிக் கூடங்களில் புகுந்திருந்தது.

வலிமை போதாத இடத்தில் சூழ்ச்சி உதவிற்று. 1914 பிப்ரவரியில் இலண்டனில் பாங்கர்ஸ்ட் அம்மையார் மாடியிலிருந்து உரையாற்றி முடித்ததும், முக்காடிட்ட பெண் ஒருத்தி மெய்காப்பாளர் சூழ வெளியே வந்தாள். காவலர் போராடி அவளைப் பிடித்தனர், பிடிபட்டவள் வேறொருத்தி. ஆனால் மறுமாதம் கிளாஸ்கோ நகரில் அவ்வாறு நிகழவில்லை. மேடையைச் சூழ்ந்த மலர்களுக்குள் முள்கம்பி மறைத்து வைத்திருந்தும், காவலர் திரளாக மேடையேறி அம்மையாரைக் கைது செய்தனர். மெய்காப்பாளர் கட்டைகளை வீசிப் போராடியும் தோற்றனர் என்றே சொல்ல வேண்டும். கட்டையும் முள்கம்பியும் வந்த பின்பு அது தற்காப்பின் எல்லையைக் கடந்துவிட்டது என்று கருதினாரும் உளர்; அக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒரு நோயாளியைக் கைது செய்ய அத்துணைக் காவலர் எதற்கு என்னும் வினாவும் அதனோடு உடனெழுவதேயாம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூளவே, சங்கத்தார் போராட்டத்தை நிறுத்தினர். 1918 இல் முப்பது வயது நிரம்பிய பெண்களுள் சொத்துத் தகுதி உடையார்க்கும், 1928 இல் ஆடவரோடு ஒப்ப இருபத்தொரு வயதினர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. எடித் அம்மையார் 1925 வரை பள்ளியை நடத்தி, 1971 இல் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் காலமானார். இலண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் அவர் வாழ்ந்த இல்லத்தின் சுவரில், 2012 இல் அவர் பெயர் பொறித்த நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பெற்றது.