இரண்டு செடியும் ஒரு பனி இரவும்

சொடக்குத் தக்காளியைப் பறித்து நெற்றியில் அடித்து ‘டப்’பென்று உடைத்து விளையாடியவர்கள் டொமாட்டியோவைப் பார்த்ததும் அதன் இனத்தைக் கண்டுகொள்வார்கள். இரண்டுமே பைசாலிஸ் பேரினம். காகிதம் போன்ற உறைக்குள்தான் இதற்கும் காய். ஆனால் முற்றும்போது காய் பருத்து உறையையே கிழித்துவிடும். தாயகம் மெக்சிகோ. ‘சால்சா வெர்தே’ என்னும் பச்சைத் துவையலின் புளிப்பு இந்தக் காய் தருவதுதான்.

கனடாவின் டொராண்டோ போன்ற ஊரில் இதை வளர்க்க நினைப்பவர் விதை வாங்குமுன் நாள் பார்க்க வேண்டும். உறைபனி பட்டால் இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைச் சிதைக்கும். விடிந்து பார்த்தால் வெந்நீர் ஊற்றியதுபோல் செடி கருத்துத் துவண்டு கிடக்கும்.

வசந்தத்தின் ‘கடைசி உறைபனி நாள்’ பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து எடுத்த கணக்கு. அதற்குப் பிறகும் பனி விழும் ஆண்டுகள் உண்டு. ஒரே ஊருக்குள்ளும் இது மாறும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று தண்ணீரைப்போலப் பள்ளத்துக்கு வழிகிறது. ஒன்டாரியோ ஏரிக்கரைத் தோட்டம் தப்பும் இரவில், உள்ளே தள்ளியுள்ள பள்ளத்துத் தோட்டம் கருகலாம். மே 25-க்கு முந்தைய திங்கள்கிழமை வரும் விக்டோரியா தினம்வரை தக்காளி நடாமல் பொறுத்திருப்பது அங்கே பழைய வழக்கம். டொமாட்டியோவுக்கும் அதுவே பொருந்தும்.

அங்கிருந்து 6 முதல் 8 வாரம் பின்னோக்கி எண்ணினால் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். வீட்டுக்குள் தட்டில் விதைக்க வேண்டிய நேரம் அது. அதற்கும் முன்னால் விதைத்தால் நாற்று வெளிச்சம் போதாமல் வெளுத்து நெடுநெடுவென்று வளரும். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் பகலில் சில மணி நேரம் வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காதபோதுதான் நடவு.

தக்காளி நட்டுப் பழகியவர்கள் கோட்டைவிடுவது ஒன்றுண்டு. ஒற்றைத் தக்காளிச் செடி தானே காய்த்துவிடும், டொமாட்டியோ அப்படியில்லை. தன் மகரந்தம் தன் பூவுக்கே உதவாது. வேறொரு செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். இரண்டு நட்டு ஒன்றைப் பனிக்குப் பறிகொடுத்தால், பிழைத்த செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும், காய் மட்டும் பிடிக்காது. அவசரத்தின் விலை இந்தப் பயிரில் இரட்டிப்பு.

ஆகவே நான்கு நாற்றாக வளர்த்துக்கொள்ளுங்கள். இரண்டை நட்டபின், மற்ற இரண்டை இன்னும் பத்து நாள் ஜன்னலோரத்திலேயே வைத்திருங்கள்.